கணிப்பொறி அறியாத வன்தட்டு



சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் என்னும் பழம்பெரும் ஊர் இருக்கிறது. பாண்டியர் குடியில் வந்தவரும் தமிழ்ப் புலவருமான வரதுங்கராமர் வாழ்ந்த ஊர் அது. அவருடைய ஏட்டுச் சுவடிகள் அவருக்குப் பின் அவ்வூர்ப் பால்வண்ணநாதர் திருக்கோயிலில் இருந்தன. இதனைக் கேள்வியுற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர் பேராவலோடு அங்குச் சென்றார். கிடைத்த விடை அவரைத் துயரில் ஆழ்த்தியது. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடவேண்டும் என்பது விதி என்று கருதி, அவ்வாறே எரித்துவிட்டார்களாம்!

எரித்தவர்கள் தீயவர் அல்லர். ஏட்டை மதித்தே எரித்தார்கள். ஆயினும், இனி இவை பயன்படா என்று அவர்கள் ஆராயாமல் எண்ணியதன் விளைவு, மீட்க முடியாத இழப்பாக முடிந்தது.

அந்த ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளது சிவகிரி. அங்கே ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறைந்த தன் பாட்டனார் பாடிய வில்லுப்பாட்டுகளை எல்லாம் அவள் பதிவு செய்து, உள்ளங்கை அளவே உள்ள ஒரு வெளி வன்தட்டில் சேர்த்து வைத்திருக்கிறாள். வேறு படி இல்லை. ஒருநாள் அதனைக் கணிப்பொறியில் இணைக்கிறாள். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் நெஞ்சு படபடக்கிறது. இப்போது அவள் என்ன செய்தல் வேண்டும்? என்ன செய்தல் ஆகாது? இதுவே நாம் இன்று ஆராயப் போகும் பொருள்.

முதலில் வன்தட்டு என்பது யாது எனக் காண்போம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டு இயந்திரத்தை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் அதில் சுழன்றன. எனினும் அது தாங்கியது ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று சட்டைப் பையில் அடங்கும் வன்தட்டு அதைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்ளும். ஆனால் அடிப்படை ஒன்றே: காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கிறது, படிக்கும் முனை ஒன்று அதனைத் தொடாமல் அதன்மேல் மிதந்து செல்கிறது. தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. ஒரு தலைமயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர். இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

இனி, கணிப்பொறி ஒரு தட்டை அறியவில்லை என்பதன் பொருள் என்ன? தட்டு இறந்துவிட்டது என்பதன்று. இருவருக்கும் இடையே உள்ள சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்பதே. எலுமிச்சைத் தோட்டத்து உழவரைப் பாருங்கள். பம்புசெட்டு ஓடவில்லையென்றால், அவர் உடனே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்குவதில்லை. மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிறார். பிறகு பியூஸ், பிறகு ஸ்டார்ட்டர். மோட்டாரைத் தூக்குவது கடைசி வேலை. வெளியிலிருந்து உள்ளே செல்லும் அந்த முறையே இங்கும் பொருந்தும்.

முதற் கண்ணி மின்சாரம். சிறு வன்தட்டுகள் யூ.எஸ்.பி. செருகுவாய் தரும் மின்சாரத்தைக் கொண்டே ஓடுகின்றன. யூ.எஸ்.பி. இரண்டாம் தலைமுறைச் செருகுவாய் தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். மூன்றாம் தலைமுறையில் 900. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில்தான் மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும். ஒரு செருகுவாயைப் பலவாகப் பிரிக்கும் ‘ஹப்’பில் இணைத்தால் அது போதாமற் போகலாம். ஆகவே தட்டை நேரே கணிப்பொறியில் இணையுங்கள். மேசைக் கணிப்பொறியாயின் பின்புறச் செருகுவாயே நன்று. பெரிய வன்தட்டுகளுக்குத் தனி மின்னிணைப்பு உண்டு. அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிகிறதா? கையை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிகிறதா? இவ்விரண்டும் தட்டின் நாடித் துடிப்பு.

இரண்டாம் கண்ணி இணைப்பு வடம். மலிவானதும் அடிக்கடி பழுதாவதும் இதுவே. உள்ளே மின்சாரக் கம்பி நலமாக இருந்து, செய்திக் கம்பி மட்டும் அறுந்திருக்கக் கூடும். அப்போது விளக்கு எரியும், தட்டு தோன்றாது. நல்லதென்று தெரிந்த வேறொரு வடத்தை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, வேறொரு கணிப்பொறி. நண்பர் வீட்டுக் கணிப்பொறியில் தட்டு தோன்றினால் குற்றம் தட்டில் இல்லை, நம் கணிப்பொறியில்தான். அங்கும் தோன்றாவிடில், ஐயம் தட்டின் மேல் செல்லும். செலவற்ற இவ்வொரு சோதனை பாதி வழியைக் காட்டிவிடும்.

நான்காவது, கணிப்பொறியின் உள்ளே நோக்குதல். விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ என்னும் பகுதியைத் திறந்தால், இணைந்துள்ள தட்டுகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். அங்கே தட்டு இருந்து, அதற்குரிய ஆங்கில எழுத்து மட்டும் இல்லாமல் இருக்கலாம். எழுத்தொன்றை வழங்கிவிட்டால் தட்டு தோன்றும். கோப்புகளுக்கு ஒரு தீங்கும் வாராது. அங்கே தட்டே இல்லையெனில், ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் அதன் இயக்கி மென்பொருளை நீக்கிவிட்டு, தட்டைக் கழற்றி மீண்டும் இணைக்க வேண்டும். ஆப்பிள் கணிப்பொறியிலோ லினக்ஸிலோ எழுதப்பெற்ற தட்டு விண்டோஸுக்குப் புரியாமற் போவதும் உண்டு. தமிழ் மட்டும் அறிந்தவர் முன் கிரந்த ஏட்டை வைத்தாற்போன்றது அது, ஏட்டில் பழுதில்லை.

இப்போது மிக இன்றியமையாத இடத்துக்கு வந்துவிட்டோம். சில வேளைகளில் கணிப்பொறி தட்டைக் காணும். ஆனால் அதிலுள்ள கோப்புகளின் பட்டியலைப் படிக்க இயலாது. உடனே, “இத்தட்டைப் பயன்படுத்த வேண்டுமாயின் ஃபார்மட் செய்தல் வேண்டும், செய்யலாமா?” என்று கேட்கும். “இனிஷியலைஸ்” செய்யவா என்று கேட்பதும் உண்டு. மாணவர்களே, இரண்டுக்கும் “வேண்டாம்” என்றே விடை கூறுங்கள். கணிப்பொறி பொய் சொல்லவில்லை. புதிதாக எழுதுவதற்குத் தட்டைத் தயார் செய்யும் வழியைத்தான் அது கூறுகிறது. உள்ளே பாட்டனாரின் குரல் இருக்கிறது என்பதை அஃது அறியாது. கரிவலம்வந்தநல்லூரில் நெய்யோடு நின்றவர்களும் உள்ளே இருந்ததை அறியாதவர்களே அன்றோ!

பட்டியல் பழுதாயினும் கோப்புகள் பெரும்பாலும் தட்டிலேயே இருக்கும். முதலில் தட்டு முழுவதையும் மற்றொரு தட்டில் அப்படியே படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அப்படியின் மீதே மீட்பு முயற்சி செய்ய வேண்டும். ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ என்னும் மென்பொருள்கள் இதற்கென விலையின்றிக் கிடைக்கின்றன. மீட்ட கோப்புகளைப் பழைய தட்டிலேயே எழுதுதல் ஆகாது. மீளாத கோப்புகளின் மேல் அவை படிந்துவிடும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலி விட்டு விட்டு வருமாயின், உடனே இணைப்பைக் கழற்றிவிடுங்கள். படிக்கும் முனை பழுதுற்றிருக்கக் கூடும். தலைமயிரின் பருமனையும் அந்த இடைவெளியையும் நினைவுகூருங்கள். மேலும் சுழல விட்டால் முனை காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். பெட்டியைத் திறந்து பார்த்தலும் ஆகாது. ஒரு தூசியே அதற்குப் பாறை. தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சிலர் கூறுவதையும் நம்பாதீர்கள். ஈரம் படிந்து கேடு மிகும். அந்நிலையில் தூசியற்ற அறையும் கருவிகளும் உடைய மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை.

ஆகவே விதி ஒன்றே: திரும்பப் பெறக்கூடிய செயல்களை எல்லாம் முதலில் செய்க, திரும்பப் பெற முடியாத செயலைக் கடைசிவரை செய்யற்க. வடத்தை மாற்றலாம், மீண்டும் பழைய வடத்தை இணைக்கலாம். எழுத்தை வழங்கலாம், நீக்கலாம். ஆனால் எரித்த ஏடு திரும்பாது.

இதற்கு மேலும் ஓர் உண்மை உண்டு. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும் அச்சிட்டு வழங்க முடிந்தது எதனால்? அந்நூல்களின் படிகள் ஒரே வீட்டில் இராமல் பல ஊர்களில், பல வீடுகளில் இருந்தமையால். ஓரிடத்தில் செல்லரித்த பகுதி மற்றோரிடத்தில் நலமாக இருந்தது. வன்தட்டுக்கும் இதுவே காப்பு. உயிர்போன்ற கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவகைப் பொருள்களில் இருக்கட்டும். ஒரு படியேனும் வேறோர் ஊரில் இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே தட்டைப் பிடுங்காமல், விடைபெறும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

சிவகிரி மாணவி வடத்தை மாற்றினாள். தட்டு தோன்றியது என்றே நம் கதையை முடித்துக்கொள்வோம். பாட்டனாரின் குரல் கேட்டதும் அவள் கண் கலங்கினாள். ஆனால் அன்று மாலை அவள் செய்த முதல் வேலை, பாட்டைக் கேட்டது அன்று. இன்னொரு படி எடுத்தது. இன்று இரவே உங்கள் வீட்டிலும் அதனைச் செய்யுங்கள்.