வாசலில் இருந்தவரின் பெயர்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு, லூக்கா 16:19-31)



இன்றைய நற்செய்தியிலே செல்வனையும் ஏழை இலாசரையும் சந்திக்கிறோம். பலமுறை கேட்ட உவமை. நானும் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு பயணத்துக்குப் பிறகு இதை முன்போல வாசிக்க முடியவில்லை.

நெல்லிக்குப்பத்தில் ஒரு திருமணத்தை நடத்திவைத்துவிட்டு, பண்ணுருட்டி வழியாக நெய்வேலிக்குப் பஸ்ஸில் போனேன். நெல்லிக்குப்பம் 1842-லேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஓட்டிகள் வண்டிக்கு அடியிலே துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். பண்ணுருட்டி தாண்டினால் பலாவும் முந்திரியும். ஒரு நிறுத்தத்தில் ஏறிய பெண்களின் விரல்களைக் கவனித்தேன். முந்திரிக்கொட்டை உடைத்து, தோலின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்தோடு அந்தப் பருப்பைத் தின்றுவிட்டுத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

நெய்வேலி நகரியத்துக்குள் நுழைந்தால் வேறு நாட்டுக்கு வந்ததுபோல இருக்கும். அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், எண்ணிட்ட வட்டங்கள், பதவிக்குத் தக்க வீடுகள். 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன் இங்கே இருந்தவை கிராமங்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்து வரும் மின்சாரம் தென் மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வானொலிக்கும் அதில் ஒரு துளி வந்திருக்கலாம். இந்த வேலையால் பிள்ளைகளைப் படிக்கவைத்து நிமிர்ந்த குடும்பங்கள் பலவற்றை எனக்கே தெரியும். ஆகவே நான் பழி சொல்ல வரவில்லை.

ஆனாலும் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சுரங்கத்தில் இறங்குகிறார்கள். மாதக் கடைசியில் வாங்கும் சம்பளம் ஒன்றல்ல. நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்பது இன்றும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றார்கள். சட்டம் அப்படி இருக்கலாம். அறுப்பு வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்றுதான் எந்த விவசாயியும் கேட்பான்.

நான் தங்கியது தெரிந்த குடும்பத்தின் குவார்ட்டர்ஸில். மூன்று நாளும் காபி கொண்டுவந்து வைத்தவர் அங்கே வேலை செய்யும் ஓர் அம்மா. மூன்றாம் நாள் சுரங்கம் பார்க்க அழைத்துப் போனார்கள். மண்ணை வாரும் அந்த ராட்சதச் சக்கரங்களை வாய்பிளந்து பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். தம்ளரை எடுக்க வந்த அந்த அம்மா, "எங்க தாத்தா வீடு அந்தக் குழிக்குள்ளதான் சாமி இருந்துச்சு" என்றார். கோபமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று இரவு இந்த உவமையை எடுத்து வாசித்தேன். செல்வன் இலாசரை அடித்தான், விரட்டினான் என்று ஆண்டவர் சொல்லவில்லை. வாசலில் கிடக்க விட்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் பாதாளத்திலிருந்து அவன் ஆபிரகாமிடம் கேட்பதைப் பாருங்கள்: இலாசரை அனுப்பும் என்கிறான். பெயர் தெரிந்திருக்கிறது! தினமும் பார்த்திருக்கிறான். அந்த நெருப்பிலும்கூட, தனக்குத் தண்ணீர் கொண்டுவரவும், தன் சகோதரர் வீட்டுக்குச் சேதி சொல்லவும் போகவேண்டிய ஏவலாளாகத்தான் இலாசர் அவன் கண்ணுக்குத் தெரிகிறார்.

எனக்கு அந்தப் பெயர்கூடத் தெரியவில்லை. மூன்று நாள் அவர் கையால் காபி குடித்திருக்கிறேன்.

மறுநாள் காலை கிளம்பும்போது கேட்டேன், "உங்க பேரு என்னம்மா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு சாமி, ஏதாவது காணாமப் போச்சா?" என்று கேட்டார்.