தொட்டிக்கு ஓர் உறைமோர்



ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போனால், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பைக்கில் திரும்பும் குடும்பங்களைப் பார்க்கலாம். பிள்ளையின் மடியில் காற்றடைத்த பை, உள்ளே நாலைந்து கப்பி மீன். தொட்டியும் அன்றைக்கு வாங்கியதுதான். பத்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். சீக்கு மீனைக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரர்மேல் கோபம் வரும். நானும் அப்படிக் கோபப்பட்டவன்தான். பிறகுதான் புரிந்தது, என் தொட்டியில் தண்ணீர் இருந்தது, அதைக் காக்கும் உயிர் இல்லை.

மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா ஓயாமல் கரைகிறது. தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். மீனுக்கு அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சே. மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அந்த நைட்ரேட்டைச் செடிகள் உண்ணும், மிச்சம் தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்வதை 2015இல்தான் கண்டறிந்தார்கள். அப்படிக் கண்டறிந்தவற்றில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் பில்டரில் கிடைத்தது!

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பெரும்பாலும் உப்பும் காரத்தன்மையும் அதிகம். பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால், அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். ஆகவே இங்கே அவசரம் ஆகாது.

மீன் விடாமல் பில்டரையும் ஏர் பம்பையும் ஓடவிடுங்கள். தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்; அது அழுகி வரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைச் சொட்டு மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். அப்போதும் இரண்டிரண்டு மீனாக விடுங்கள்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. நல்ல தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் பாக்டீரியா குடியிருக்கும் பழைய பில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். பாலுக்கு உறைமோர் போலத்தான் அது. ஈரம் காயாமல் கொண்டுவாருங்கள். அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் மட்டும் பிழிந்துவிடாதீர்கள். மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடக்கூடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

கரண்ட் போகும் ஊர் நமது. பில்டர் சில மணி நேரம் நின்றாலே ஸ்பாஞ்சுக்குள் பாக்டீரியாவுக்கு வேண்டிய பிராணவாயு தீர்ந்துவிடும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை மீனுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.