நடுவயதில் ஒரு காய்கறிப் பாத்தி



தமிழகத்தை விட்டு வந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகத் தில்லியில் வாழும் நம்மவர் பலருக்கு, வயது நாற்பத்தைந்தைத் தாண்டும்போது ஓர் ஆசை எழக் காண்கிறேன். பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியூர் சென்றுவிடுகின்றனர். மருத்துவரோ நாள்தோறும் சிறிது உடலுழைப்பு வேண்டும் என்கிறார். வீட்டின் பின்புறத்தில் பத்தடி நிலம் வெறுமனே கிடக்கிறது. அதில் நான்கு கத்தரிச் செடியும் ஓர் அவரைப் பந்தலும் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. இவர்களுள் வேளாண் குடியிற் பிறந்தோர் உண்டு. ஆயினும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பின்னர் அலுவலகத்துக்கும் சென்று பழகியமையால், மண்வெட்டி பிடித்தறியாதவர்களே மிகுதி.

ஆசை எழுந்த மறுகணமே இரண்டு தயக்கங்கள் குறுக்கிடுகின்றன. இந்த வயதிலா என்பது ஒன்று. நமக்குச் சொந்தமல்லாத வீட்டிலா என்பது மற்றொன்று. முதலாவதற்கு நீண்ட விடை வேண்டுவதில்லை. 1965-ஆம் ஆண்டில், நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தில்லியில் தம் அரசினர் இல்லத்தின் புல்தரையை உழுது பயிரிட்டார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். இரண்டாவது தயக்கம் உண்மையானது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

என் கருத்தில், வயதைக் காட்டிலும் வீட்டைக் காட்டிலும் பெரிய இடையூறு வேறொன்று உண்டு. அது நாம் ஊரிலிருந்து மனத்தில் சுமந்து வந்த பஞ்சாங்கம். ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் பழமொழி நம் நாவில் ஊறியது. தில்லியில் அது ஓரளவே பொருந்தும். இங்கே பருவமழை வழக்கமாக ஜூன் இறுதியில் வந்துவிடுகிறது. வெண்டை, கத்தரி, புடலை ஆகியவற்றுக்கு அம்மழை நல்லதே. ஆனால் ஐப்பசியை எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் அது அடைமழைக் காலம். பாத்தியில் நீர் தேங்கும், விதை அழுகும். தில்லியிலோ அதே ஐப்பசியில் வானம் தெளிந்து, வெயில் தணிந்து, மண் பதமாக இருக்கும். ஆண்டின் தலைசிறந்த விதைப்புக் காலம் அதுவே. நம்மவர் பலர் கோடையில் தொடங்கி, மே மாத அனற்காற்றில் செடிகள் கருகக் கண்டு, இவ்வூர் மண்ணில் எதுவும் விளையாது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். மண்ணின் மேல் குற்றமில்லை. யமுனையின் வண்டல் நல்ல மண். சற்றே உவர்த்தன்மை உடையது, அவ்வளவுதான். மக்கிய சாணமும் இலைமக்கும் சேர்த்துவர அதுவும் படிப்படியாகக் குறையும்.

பகற்பொழுதின் நீளமும் கருதத்தக்கது. சென்னையில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர வேறுபாடே உண்டு. தில்லியில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம். டிசம்பர்ப் பகல் 10¼ மணி நேரம். பழைய பந்தல் அவரை வகைகள் பகல் குறுகத் தொடங்கிய பின்னரே பூக்கும் இயல்புடையவை. பிப்ரவரியில் அவற்றை விதைத்தவர், ஏழெட்டு மாதங்கள் பந்தல் நிறைய இலையை மட்டும் கண்டு மனம் சலிப்பார். ஜூலையில் விதைத்தவருக்கோ குளிர் தொடங்கும்போது காய் வரத் தொடங்கும். ஆகையால் காலம் கடந்து தொடங்கியவர் என்று உங்களை நீங்கள் கருத வேண்டுவதில்லை. இங்கே கணக்கு மாதத்தோடுதான்.

இனித் தொடங்கும் முறை. பத்தடிக்குப் பத்தடி போதும். அதற்கு மேல் முதலாண்டில் ஆசைப்படாதீர்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருத்தல் வேண்டும். ஓரடி ஆழம் கொத்தி, கல்லும் கட்டடச் சிதைவும் பொறுக்கி எறியுங்கள். புதிய சாணத்தை இடாதீர்கள், கறையான் வரும். பாத்தியின் அகலம் மூன்றடிக்கு மேற்படலாகாது. இருபுறமும் இருந்து கை எட்டினால் மிதிக்க வேண்டியதில்லை. அதிகம் வளையவும் வேண்டியதில்லை. நம் வயதில் இடுப்பும் முழங்காலும் பேசத் தொடங்கியிருக்கும். ஆதலால் குந்தியிருந்து களை எடுப்பதை விடுத்து, ஒரு சிறு முக்காலி போட்டு அமருங்கள். களை எடுக்க இங்குள்ளோர் குர்ப்பி என்று ஒரு சிறு கருவி வைத்திருக்கின்றனர். நம் களைக்கொட்டினும் கைக்கு அடக்கமானது. வெறுங்காலுடன் மண்ணில் இறங்காதீர்கள். தெத்தனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொண்டு பிறகு மண்வெட்டியைத் தொடுங்கள்.

இலைமக்குக்குப் பணம் வேண்டாம். மார்ச்சு, ஏப்ரலில் தில்லித் தெருக்களில் வேம்பு உதிர்க்கும் சருகு கொஞ்சநஞ்சமன்று. அதை எரிப்பது 2015-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தால் தடை செய்யப்பட்டது. எரிக்கக் கூடாத பொருளை மூட்டை கட்டிக் கொணர்ந்து, கோடையில் செடியின் அடியில் பரப்பினால், ஊற்றிய நீர் விரைவில் வற்றாது.

விதைக் கடையில் நம்மவர் படும் பாடு தனிக் கதை. அவரையைச் சேம் என்று கேட்க வேண்டும். கொத்தவரை குவார், புடலை சிச்சிண்டா, முளைக்கீரை சௌலாயி. பீர்க்கு வேண்டித் தோரி என்று மட்டும் சொன்னால் வழவழப்பான நுரைப்பீர்க்கின் விதையைக் கொடுத்துவிடக்கூடும். வரிகள் உடைய தோரி என்று விளங்கச் சொல்லுங்கள். வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் நோய் உண்டு, வெள்ளை ஈ பரப்புவது, மழைக்காலத்தில் கடுமையானது. அதனைத் தாங்கும் வகை எது என்று கேட்டு வாங்குங்கள். பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதைகளை நம்பி வாங்கலாம். 1905-இல் பீகாரத்துப் பூசா என்னும் ஊரில் தோன்றிய அந்நிறுவனம், 1934-ஆம் ஆண்டுப் பெரு நிலநடுக்கத்தில் சிதைவுற்று, 1936-இல் தில்லிக்கு வந்தது. வரும்போது பழைய ஊரின் பெயரையும் உடன் கொண்டுவந்தது. ஊர்ப் பெயரைக் கொண்டு செல்வது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்.

சொந்தமல்லாத வீட்டைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். அரசுக் குடியிருப்பில் இருப்பவர் ஓய்வு பெறும்போது பெயர வேண்டும். வாடகைக்கு இருப்பவர் உரிமையாளர் சொல்லும்போது பெயர வேண்டும். இதனை மறவாது பயிரைத் தேர்வதே அறிவுடைமை. வெந்தயக் கீரை ஒரு மாதத்தில் அடுப்பேறும். முள்ளங்கிக்கு நாற்பது, ஐம்பது நாள் வேண்டும். தக்காளியும் கத்தரியும் ஒரு பருவத்தில் பலன் தந்துவிடும். கறிவேப்பிலையைத் தரையில் நடாமல் பெரிய தொட்டியிலேயே வளர்த்தால், வீடு மாறும்போது உடன் வரும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் அது இலை உதிர்த்து நிற்பதைக் கண்டு, பட்டுவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தெற்கு நோக்கிய சுவரோரம் வைத்து, தண்ணீரைக் குறைத்து, இரவில் சாக்குப் போர்த்திவிட்டால் பங்குனியில் துளிர்க்கும். முருங்கைப் போத்தை மட்டும் நிலத்தில் ஊன்றத்தான் வேண்டும். அதை நாம் உண்போமா, அடுத்து வருபவர் உண்பாரா என்பது இடமாற்ற ஆணையின் கையில் உள்ளது. ஆயினும் ஊன்றிவிடலாம் என்பதே என் எண்ணம். ஒரு போத்துக்கு ஆகும் செலவு யாது?

மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் மொட்டை மாடியில் மண்ணைக் குவிக்குமுன் எடையை எண்ண வேண்டும். ஒரு கனஅடி ஈரமண் 45 முதல் 50 கிலோ வரை எடையுடையது. ஆதலால் கட்டடப் பொறியாளரைக் கேளாமல் வரிசை வரிசையாகத் தொட்டி வைக்கலாகாது. கீரைக்கு அரையடி ஆழ மண்ணே போதும். மும்பையில் உள்ள நேயர்களுக்குப் பனித் தொல்லை இல்லை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை. அங்கும் மழை விட்ட பின் தொடங்குவதே எளிது.

தில்லியில் இவ்வாண்டே தொடங்க விரும்புவோர், புரட்டாசி பிறந்ததும் நிலத்தைக் கொத்தி எருவிட்டு வையுங்கள். ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு பாத்தியில் வெந்தயமும் மற்றொன்றில் கொத்தமல்லியும் விதைக்கலாம். கொத்தமல்லி விதையை அப்படியே தூவாமல், ஒரு பலகையின் மேல் பரப்பிச் செருப்பின் அடியால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதையுங்கள். பத்து, பன்னிரண்டு நாளில் முளை தெரியும். அதுவரை பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். குழாயை நேரே திருப்பினால் விதை முழுதும் ஒரு மூலையில் சென்று சேர்ந்துவிடும்.