இரவில் முயல் வேட்டை

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். எனக்கோ ஊர்ப்புறத்து நிலக்கடலைக் கொல்லைகளும், இருளில் அங்கே மேய வரும் முயல்களும் நினைவுக்கு வருகின்றன.

முன்னாளில் வேட்டைக்காரர் விளக்கொளியில் முயலைச் சுடுவர். கண் கூசிய முயல் அசையாது நிற்கும். அதன் விழிகள் மின்னும். எத்துப்பாக்கி ஏற்றது? பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிள் துல்லியமானது; ஆனால் அதன் தோட்டா ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரையும் செல்லக்கூடும். சிறு ஈய ரவைகளோ சுமார் 300 மீட்டருக்குள் விழுந்துவிடும். ஆகவே ஊரருகே ரவையே மேல் என்று தோன்றும்.

ஆனால் சிறுவயதில் நான் விளக்குப் பிடித்துச் சென்ற ஓரிரவு, பெரியவர் ஒருவர் மின்னிய கண்களை நோக்கிக் குறிவைத்தார். சுடுமுன் அது அசைந்தது, கன்றுக்குட்டி! அதன் பின்னே காவற்குடிசையில் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். இருளின் பிழையைத் திருத்தவல்ல துப்பாக்கி எதுவுமில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலுக்கும் காவலாயிற்று. 1991-இல் வேட்டை உரிம முறையே நீக்கப்பட்டது. இன்று முயலைச் சுடுவது குற்றம்.

தறியில் அறுந்த இழையைப் பிணைத்துவிடலாம்; சுட்ட தோட்டாவைத் திரும்ப அழைக்க இயலாது.