மூக்கில் குடியேறிய கிருமி
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மருத்துவக் கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பல வருஷம் பாடம் எடுத்தவள் நான். "எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசுங்கோ மாமி" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே மூக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

ரைனோஸ்கிளீரோமா என்று ஓர் அபூர்வ வியாதி. எகிப்து, மத்திய அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா, நம் தேசத்தின் சில பகுதிகள் என்று அங்கங்கே காணப்படுகிறது. ஆரம்பத்தில் தீராத ஜலதோஷம் போல இருக்கும். மூக்கு அடைக்கும், துர்நாற்றம் வரும். நாளாக ஆக உள்ளே கட்டிகள் வளர்ந்து, கடைசியில் தழும்பாக இறுகி, மூக்கே உருமாறிவிடும். குரல்வளைக்கு இறங்கினால் மூச்சே முட்டும்.

1870-ல் வியன்னாவில் இதை விவரித்த ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, இது புற்று போன்ற வளர்ச்சி என்றே நினைத்தார். இதை வெறும் பெயர்த் தகராறு என்று எண்ணிவிடாதீர்கள். புற்று என்றால் கத்தி. கிருமி என்றால் மருந்து. நோயாளியின் முகமே அந்தத் தீர்ப்பில் அடங்கியிருக்கிறது.

1877-ல் மிகுலிட்ஸ், இது அழற்சிதான் என்றார். நுரை நிரம்பினாற்போன்ற பெரிய செல்களை அவர் விவரித்தார். அவற்றுக்கு அவர் பெயரே நிலைத்தது. (1897-ல் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு அறுவைச் சிகிச்சை செய்த முன்னோடியும் இவரே. 2020-ல் நாம் எல்லோரும் மூடிக்கொண்டோமே!) 1882-ல் ஃபிரிஷ் அந்தச் செல்களுக்குள் குச்சி வடிவக் கிருமியைக் கண்டார். காக் காசநோய்க் கிருமியை அறிவித்ததும் அதே வருஷம்தான்.

கண்டுவிட்டால் போதுமா? திருட்டு நடந்த வீட்டில் ஒருவன் நின்றான் என்பதற்காக அவனே திருடன் ஆகிவிடுவானா? கிருமியைத் தனியே வளர்க்க வேண்டும்; அதை ஆரோக்கியமான பிராணிக்குச் செலுத்தினால் அதே வியாதி வரவேண்டும்; அதனிடமிருந்து மறுபடி அதே கிருமியை எடுக்கவேண்டும். இங்கேதான் சிக்கல். இந்தக் கிருமி, நிமோனியா உண்டாக்கும் ஃபிரீட்லாண்டர் கிருமிக்கு நெருங்கிய உறவு. இரண்டையும் பிரித்துச் சொல்வதே கஷ்டம். நோயாளியின் திசுவை வளர்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் முளைக்கிறது. பிராணிகளோ மனிதரைப் போல வருஷக்கணக்கில் மூக்கடைத்துக்கொண்டு உட்காருவதில்லை.

பிற்பாடு சாட்சிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கிருமியின் மேலுறை 'கே3' என்ற வகை என்று தெரிந்தது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு வியாதி கட்டுப்பட்டது. ஆனாலும் எனக்கு நிறைவு தந்தது 2013-ல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தார் வெளியிட்ட பரிசோதனைதான். கிருமியை எலியின் மூக்கில் விட்டார்கள். அதன் நுரையீரலில் அதே மிகுலிட்ஸ் செல்கள் தோன்றின! ரத்தத்திலிருந்து வரும் மோனோசைட்டுகளே அப்படி மாறுகின்றன என்றும், அதற்கு இன்டர்லூகின்-10 என்ற சமிக்ஞை தேவை என்றும் காட்டினார்கள். ஃபிரிஷ் கண்டு 131 வருஷம் கழித்து!

இன்று சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். ஒரு விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்க்க முடியாது. "ஒரு துண்டு கல்ச்சருக்கும் போகிறதா டாக்டர்?" என்று முன்னாலேயே கேளுங்கள்.