மொழிக்கும் ஓர் அடையாள எண்



புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களுக்குப் பெரட்டு நன்றாக நினைவிருக்கும். விடியுமுன் எல்லாரும் களத்தில் வந்து நிற்பார்கள். கிராணியார் பேர் கூப்பிடுவார். ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்தால் என்ன செய்வது? பேருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் வழிகாட்டும். எண் மாறிப்போனால் ஒருவர் வெட்டிய பாலுக்கு இன்னொருவர் சம்பளம் வாங்குவார்.

இன்று நம் ஒவ்வொருவரிடமும் 12 இலக்க அடையாள அட்டை எண் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தைக் காட்டும். கெடாவுக்கு உரிய எண்களில் ஒன்று 02 என்பது பலருக்கும் தெரிந்ததே.

மனிதருக்கு இருப்பதுபோல மொழிக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பேர் இருக்கும்போது குறி எதற்கு என்று கேட்பீர்கள். பேர் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும். நம் தமிழையே பாருங்கள். 1716ஆம் ஆண்டு சீகன்பால்கு எழுதி ஜெர்மனியில் அச்சான தமிழ் இலக்கண நூலின் பெயர் ‘கிராமாட்டிகா டாமுலிகா’. அக்காலத்து ஐரோப்பியர் பலர் தமிழை ‘மலபார்’ என்றும் எழுதினார்கள். அண்மைக் காலத்திலும் ஒன்று நடந்தது. இந்தியாவின் ஒரியா மொழிக்கு ‘ஒடியா’ என்ற பெயரை 2011இல் அந்நாட்டு அரசியல் சட்டம் ஏற்றது. பேர் மாறினாலும் அதன் ஈரெழுத்துக் குறியான ‘ஓ, ஆர்’ மாறவில்லை.

ஜெனீவாவில் அனைத்துலகத் தர நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் 639ஆம் எண் தரம்தான் மொழிக்குறிகளுக்கு உரியது. ஈரெழுத்துக் குறிகள் 1988இல் அனைத்துலகத் தரமாக வெளிவந்தன. இருபத்தாறு ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 குறிகள்தாம் கிடைக்கும். உலகத்து மொழிகளுக்கு அது போதாது. ஆகவே 1998இல் மூவெழுத்துப் பட்டியல் வந்தது. 2007இல் அது இன்னும் விரிந்தது. நம் கெடா மலாய்க்காரர் வீட்டில் பேசும் மலாய்க்குக்கூட அதில் ‘எம், ஈ, ஓ’ என்று தனிக்குறி உண்டு.

தமிழுக்கு ஈரெழுத்தில் ‘டி, ஏ’. மூவெழுத்தில் ‘டி, ஏ, எம்’. ஆங்கிலப் பேரின் முதல் எழுத்துகளே குறியாக அமைந்துவிட்டன. இதைப் பார்த்து, எல்லா மொழிக்கும் இப்படித்தான் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும்.

சீனமொழிக்கு ஆங்கிலப் பேரைப் பார்த்து ‘சி, எச்’ என்று போட்டால், அது குவாம் தீவில் பேசும் சமோரோ மொழியாகிவிடும். சீனத்தின் குறி ‘ஜெட், எச்’. சீனர் தம் மொழியை ‘ஜோங்வென்’ என்று சொல்வதிலிருந்து வந்தது அது. கன்னடத்துக்குக் ‘கே, ஏ’ என்றால் அது ஜார்ஜிய மொழி. கன்னடம் ‘கே, என்’. மலேசியாவின் இணைய முகவரியில் ‘எம், ஒய்’ வருகிறதே என்று மலாய்மொழிக்கு அதைப் போட்டால், அது பர்மிய மொழி! நாட்டின் குறி வேறு, மொழியின் குறி வேறு. மலாய்க்கு உரியது ‘எம், எஸ்’.

நமக்கு மிக அருகில் இருக்கும் குழப்பம் இன்னொன்று. மூவெழுத்தில் ‘எம், ஏ, எல்’ என்பதைப் பார்த்தவுடன் மலாய் என்றோ மலேசியா என்றோ தோன்றும். அது மலையாளம். நம் தோட்டங்களில் மலையாளிகளும் தெலுங்கர்களும் நம்மோடு சேர்ந்து பாடுபட்டவர்கள்தாம்; அவரவர் மொழிக்கு அவரவர் குறி இருக்கட்டும்.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு பாட்டி பாடும் தாலாட்டைப் பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு நூலகத்துக்கோ பழம்பாடல் தொகுப்புக்கோ அனுப்புகிறான். அச்சான புத்தகம் என்றால் எழுத்தைப் பார்த்தே தமிழ் என்று சொல்லிவிடலாம். ஒலிக்கு எழுத்து ஏது? மொழி என்ன என்பதைக் குறிதான் சொல்ல வேண்டும். மலேசியப் பாட்டு என்று நினைத்து யாரோ ‘எம், ஏ, எல்’ என்று பதிந்துவிட்டால், நாளைக்கு அவன் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுகளைத் தேடும்போது அந்தத் தாலாட்டு வராது. பாட்டு அங்கேயே இருக்கும். தமிழ்க் கணக்கில் இராது. பெரட்டில் எண் மாறியவர் கதைதான் அது.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளே, மூன்று காரியங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, மொழியின் ஆங்கிலப் பேரை முழுதாகப் படியுங்கள். மலாய், மலையாளம் இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது, குறியை ஊகிக்காமல் பட்டியலைத் திறந்து பாருங்கள். மூன்றாவது, பாரத்தையோ பதிவையோ அனுப்புமுன் மொழிக்குறியை ஒருமுறை சரிபாருங்கள்.

தமிழின் குறி ‘டி, ஏ’; மூவெழுத்தில் ‘டி, ஏ, எம்’. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள்.