முதலாளி முதலில் படிக்கட்டும்

(பொன்விழா வணிகக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நிபுணர் அல்லன். போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, ஜொகூர் பாருவில் அத்தா தொடங்கிய மசாலாச் சாமான் மொத்தக் கடையைக் கவனித்து வருகிறேன். அங்கே நடந்ததையே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, கடைப் பையன் ஒருவரிடம், "விலைப்பட்டியலை மலாயிலிருந்து தமிழுக்கு ஏஐயிலேயே மாற்றிவிடு" என்றேன். நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் பட்டியல் தயார். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம்.

ஜிந்தான் பூத்தே சீரகம். ஜிந்தான் மானிஸ் சோம்பு. பட்டியலில் இரண்டுமே சீரகம் என்று விழுந்திருந்தது. விலை குறைந்த சீரகம் என்று நினைத்து ஓர் உணவகக்காரர் கேட்டார், போனது சோம்பு. இரண்டு மூட்டை திரும்பி வந்தது. அத்தா காலத்து வாடிக்கையாளர் அவர்.

பையனைக் கடிந்துகொண்டேன். முப்பது வருடமாகக் கிடங்கைப் பார்க்கும் எங்கள் நானா குறுக்கிட்டார்: "தம்பி, அவன் நீங்க சொன்னதைத்தான் செஞ்சான். அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க பார்த்தீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், ஏஐ வந்த பிறகு நானாவின் வேலை தேவையா என்றுகூட அதற்கு முன் யோசித்திருந்தேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 2024 ஜனவரியில் நம் அரசாங்கம் 'ஏஐ உந்தோக் ரக்யாட்' என்ற இலவச இணையப் பயிற்சியைத் தொடங்கியது. தமிழிலும் இருக்கிறது. படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்தக் கருவி நம் கிடங்கைப் பார்த்ததில்லை. ஏராளமான எழுத்துகளைக் கற்று, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் ஒரே தைரியத்தோடுதான் சொல்லும்.

2024 டிசம்பரில் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் எழுகின்றன. இனி ஒதுங்கி நிற்க முடியாது. ஆனால் கடையில் நுழைக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில், முதலாளியே ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். இரண்டாவது, சரக்கு தெரிந்த ஒருவர் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது. மூன்றாவது, வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், கடன் கணக்கு போன்றவற்றை அதில் போடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்மிடம் உள்ள அமானிதம்.

இன்று எங்கள் கடையில் பையன் பட்டியல் போடுகிறார், நானா பார்த்துக் கொடுக்கிறார், நான் கடைசியாக ஒப்புதல் தருகிறேன். முன்பு இரண்டு நாள் எடுத்த வேலை அரை நாளில் முடிகிறது. யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இளைஞர்களுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறோம். அடுத்த வகுப்பை முதலாளிகளுக்கும் பொறுப்பாளர்களுக்கும் நடத்துங்கள். முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன்.